ஓட்டையும் ஒட்டும்

வாசற் கதவின் பூட்டுப் பழுதாகிவிட்டதென்று தெரிந்தால் அதைச் சரிசெய்ய நாம் எத்தனை நாள் தாமதிப்போம்? ஓர் இரவு கூடப் பொறுக்க மாட்டோம். ஆனால் வங்கிக் கணக்கு, கடிதப் போக்குவரத்து, குழந்தைகளின் பள்ளிக்கூட விவகாரம் யாவற்றுக்கும் வாசலாக விளங்கும் இணைய உலாவியின் விஷயத்தில் அவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கிறோமா?

உலாவி என்பது லட்சக்கணக்கான வரிகளால் இயன்ற மென்பொருள். மனிதர் எழுதியதாகையால் குற்றங்குறைகள் இருந்தே தீரும். ஆகவே ஓட்டைகளின் எண்ணிக்கையைக் காட்டிலும், ஒவ்வோர் ஓட்டையும் எத்தனை நாள் அடைபடாமல் கிடந்தது என்பதே முக்கியமான கேள்வியாகும்.

கூகிள் முதலிய பல ஸ்தாபனங்களின் கம்ப்யூட்டர்களில் அந்நியர் புகுந்த செய்தி 2010 ஜனவரியில் வெளியாயிற்று. அவர்களுக்கு வழிவிட்டது மைக்ரோஸாப்டின் 'இண்டர்நெட் எக்ஸ்ப்ளோர'ரில் இருந்த ஓர் ஓட்டை. அதைப் பற்றி 2009 செப்டம்பரிலேயே அந்தக் கம்பெனிக்குத் தெரியும். அந்த உலாவியைத் தவிர்க்கும்படி ஜெர்மன் அரசாங்க இலாகா ஜனங்களை எச்சரித்தது. பிறகு ஜனவரி 21-ந் தேதி ஒட்டு அவசரமாக வெளிவந்தது. நான்கு மாதம் காத்திருந்த காரியம், ஆபத்து அம்பலமானதும் சில தினங்களில் முடிந்துவிட்டது!

இதற்கு மாறாக, 2017 மார்ச்சில் ஒரு போட்டியில் வெளிப்பட்ட 'பயர்பாக்ஸ்' உலாவியின் ஓட்டையை, மொஸில்லாவினர் ஏறக்குறைய 22 மணி நேரத்தில் அடைத்தார்கள்.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. 'குரோம்' உலாவியின் மூலவரிகளை எவரும் படிக்கலாம். எனவே, பழுது பார்த்த இடமே ஓட்டை இருந்த இடத்தைத் திருடனுக்குக் காட்டிக் கொடுக்கிறது. அந்தத் திருத்தம் நம் வீடு வந்து சேர்வதற்குள் அவன் முந்திக்கொள்ளலாம். முன்பு சராசரி 35 நாளாக இருந்த அந்த இடைவெளி, இரு வாரத்துக்கொரு முறை ஒட்டு வெளியிட்டதால் 15 நாளாகக் குறைந்தது. 2023 ஆகஸ்டு முதல் வாரந்தோறும் வெளியிடலானார்கள்.

அவசரத்தில் இட்ட ஒட்டு வேறோரிடத்தில் கிழிப்பதும் உண்டுதான். அதற்காகவே முதலில் சிலருக்கு மட்டும் அனுப்பிப் பரீட்சிக்கிறார்கள்.

ஆயினும் கடைசிப் படி நம்முடையது. ஒட்டு தானே வந்து இறங்கினாலும், உலாவியை மூடித் திறந்தால்தான் அது அமலுக்கு வரும். வாரக்கணக்கில் மூடாமலே வைத்திருப்பவர்கள், பூட்டுக்காரனை அழைத்துவந்து திண்ணையிலேயே உட்கார வைத்தவர்களாவார்கள். நேயர்கள் இன்றே ஒரு முறை மூடித் திறப்பார்களாக!