ரோடு இருக்கு, கண்ணுக்குத் தெரியலை! விடியற்காலைப் பனியில் காத்திருக்கும் எமன்

சென்னை, ஜன.–

மார்கழி, தை மாதத்து விடியற்காலை 5 மணி. தாம்பரம் தாண்டி செங்கல்பட்டுப் பக்கம் காரில் போய்ப் பாருங்கள். ரோடு இருக்கும். ஆனால் தெரியாது! கொளவாய் ஏரி ஓரம் வெள்ளைத் திரை போட்ட மாதிரி பனி மூட்டம்.

இது எங்கிருந்து வருது? ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி, குளம், தரை எல்லாம் ஈரம். மழை ஓய்ந்ததும் ராத்திரி வானம் வெளுத்துவிடும். பகலில் வாங்கிய சூட்டைத் தரை விட்டுவிட்டு ஜில்லென்று ஆகிவிடும். காற்றும் அசையாவிட்டால், ஈரம் பொடிப்பொடித் துளியாகி அப்படியே நிற்கும். அதுதான் மூடுபனி.

போகிப் புகை

போகியன்று இன்னும் மோசம். பழைய டயரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்துகிற புகை பனியோடு கலக்கும். 2018 ஜனவரி 13 போகியன்று சென்னையில் விமானங்களே இறங்க முடியாமல் திண்டாடின. விமானத்துக்கே அந்தக் கதி என்றால் ஸ்கூட்டருக்கு?

கணக்குப் பாருங்க!

60 கிலோ மீட்டர் வேகத்தில் போகிற கார் ஒரு வினாடியில் சுமார் 17 மீட்டர் ஓடிவிடும். எதிரே லாரி நிற்பதைப் பார்த்து கால் பிரேக்குக்குப் போவதற்குள் அந்த 17 மீட்டர் போச்சு. அழுத்தின பிறகு நிற்க, காய்ந்த ரோட்டிலேயே இன்னும் 20 மீட்டர் வேணும். ஆக மொத்தம் 37 மீட்டர். பனியில் 30 மீட்டர்தான் கண்ணுக்குத் தெரிகிறது என்றால்? அப்பளம்தான்!

அதே கார் 30-ல் போனால் சுமார் 13 மீட்டரில் நின்றுவிடும். உயிர் மிச்சம்.

செய்யக் கூடாதது

தெரியலையே என்று ஹெட்லைட்டை ‘ஹை பீம்’ போடுகிறவர்கள் நிறையப் பேர். தப்பு! வெளிச்சம் பனித் துளியில் பட்டு நம்ம கண்ணுக்கே திரும்பி வரும். ‘டிம்’ போட்டால்தான் ரோடு தெரியும்.

கண்ணாடி உள்பக்கம் மங்குதா? கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே ஓட்டாதீர்கள். ஏ.சி. காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்புங்கள், ஈரத்தை உறிஞ்சிவிடும். ஏ.சி. இல்லாத வண்டியா? ஜன்னலைக் கொஞ்சம் இறக்குங்கள்.

வண்டி ரிப்பேரா? ரோட்டை விட்டு முழுசா இறக்கி நிறுத்தி, நாலு இண்டிகேட்டரையும் எரிய விடுங்கள். லைட் இல்லாமல் ஓரத்தில் நிற்கும் லாரிதான் பனியில் பெரிய எமன்.

ஊட்டிக்குப் போறீங்களா? அங்கே உறைபனி விழும். குளிரில் பழைய பேட்டரிக்குத் தெம்பு குறையும். காலையில் வண்டி கிளம்பாது. கண்ணாடியில் பனி உறைந்திருந்தால் கொதிக்கிற வெந்நீரை ஊற்றாதீர்கள். விரிசல் விட்டுவிடும்!

அரை மணி நேரம் லேட்டாகப் போனால் ஆபீசில் திட்டு விழும். கடையில் முதல் போணி போகும். போகட்டுமே! பனி வெயில் வந்தால் விலகிவிடும். போன உயிர் வருமா?