பரிசோதனைக்கூடத்தின் எடைக்கல்



கடைத் தராசு எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் எடைக்கல் தேய்ந்திருந்தால் சரக்குக் குறையும். அதனால்தான் எடைக்கற்களை அரசு அலுவலர்கள் குறித்த காலத்தில் சோதித்து முத்திரை இடுகிறார்கள். இரத்தப் பரிசோதனைக்கூடத்திலும் ஓர் எடைக்கல் உண்டு. அதற்குக் காலிபிரேட்டர் என்று பெயர்.

இரத்தத்திலுள்ள சர்க்கரையை இயந்திரம் நேரடியாகக் காண்பதில்லை. இரத்தத்தின் தெளிந்த நீரோடு ரசாயனம் சேரும்போது நிறம் உண்டாகிறது. சர்க்கரை கூடினால் நிறமும் கூடும். எவ்வளவு நிறத்துக்கு எவ்வளவு சர்க்கரை என்பதை இயந்திரத்துக்கு நாம் சொல்லித்தர வேண்டும். அளவு தெரிந்த காலிபிரேட்டரை வைத்து, 'இதுதான் 100 மில்லிகிராம்' என்று காட்டுகிறோம். அதன்பின் வரும் நோயாளிகள் அனைவரின் அளவும் அதைக்கொண்டே கணக்கிடப்படுகிறது.

புட்டியின் மேல் 100 என்றிருக்க, உள்ளே 105 இருந்தால்? வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் இருந்தால் சர்க்கரை நோய் என்று கொள்கிறோம். உண்மையில் 130 உள்ள ஒரு தாய்க்கு அந்த இயந்திரம் 124 என்று காட்டும். "சர்க்கரை நோய் இன்னும் வரவில்லை அம்மா" என்று அனுப்பிவிடுவோம். மறுபடி சோதித்தாலும் அதே 124 தான் வரும். திரும்பத் திரும்ப வருவதால் தவறு சரியாகிவிடாது.

இது வீண் கவலை அல்ல. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநில மருத்துவமனைகளுக்கு ஒரேவிதமான மாதிரிகளை அனுப்பிச் சோதித்த பெல்க், சண்டர்மேன் என்பவர்கள், விடைகள் வெகுவாக மாறுபட்டதை 1947ல் வெளியிட்டார்கள்.

ஆகவே நல்ல காலிபிரேட்டருக்கு ஒரு வம்சவரலாறு வேண்டும். தூய குளுக்கோஸைத் துல்லியமாக நிறுத்துக் கரைப்பதில் அது தொடங்குகிறது. அதைக்கொண்டு மிக நுட்பமான முறையில் மனித சீரத்தின் சர்க்கரை அளவை நிர்ணயிக்கிறார்கள். அமெரிக்காவின் தேசிய அளவீட்டு நிறுவனமான நிஸ்ட் இத்தகைய குளுக்கோஸையும் சீரத்தையும் தயாரித்து வழங்கியுள்ளது. அவற்றோடு ஒப்பிட்டே காலிபிரேட்டருக்கு அளவு குறிக்கப்படுகிறது. இந்தச் சங்கிலி எங்கும் அறுபடக்கூடாது என்பதே 2003ல் வெளியாகி 2020ல் திருத்தப்பட்ட ஐ.எஸ்.ஓ. 17511 என்னும் சர்வதேச விதியின் சாரம்.

கடைசிக் கண்ணி நம் கையில் இருக்கிறது. தூளாக வரும் காலிபிரேட்டரை 5 மி.லி. நீரில் கரைக்க வேண்டிய இடத்தில் கால் மி.லி. குறைந்தாலே 100 என்பது 105 ஆகிவிடும். இத்தகைய தவறைக் கண்டுபிடிக்க, அளவு சொல்லப்படாத மாதிரிகளை வெளியிலிருந்து பெற்றுச் சோதிக்கிறோம். நம் விடையைப் பிற ஆய்வகங்களின் விடைகளோடு ஒப்பிட்டுத் தெரிவிப்பார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி இத்தகைய திட்டம் ஒன்றை நடத்துகிறது.

புதிய இயந்திரம் வந்தால் எல்லாரும் வந்து பார்க்கிறார்கள். குளிர்பெட்டியிலுள்ள சிறு புட்டியை யாரும் பார்ப்பதில்லை. இயந்திரத்தை ஒருமுறை வாங்கினால் பல ஆண்டுகள் உழைக்கும்; புட்டியைத் தீரத்தீர வாங்க வேண்டும். அந்தத் தாயிடம் நாம் சொல்லும் எண் உண்மையாயிருப்பது அந்தப் புட்டியினால்தான்.