சுல்தான்பூர் நீர்நிலையில் ஓர் ஆண்டு

தமிழ்நாட்டை விட்டு வடக்கே வந்து குடியேறிய நம்மவர் பலருக்கும் பருவங்களைப் பற்றிய ஒரு தடுமாற்றம் எளிதில் நீங்குவதில்லை. ஐப்பசி என்றால் அடைமழை என்று பிறந்தது முதல் கேட்டு வளர்ந்த நமக்கு, டில்லியின் ஐப்பசி மாதம் ஒரு துளி மழையுமின்றி வறண்டு கழிவது முதலில் விந்தையாகவே தோன்றும். ஆடிக்காற்றுக்குப் பழகியவர்கள் இங்கே ஆடியில் தெரு நிறைய வெள்ளத்தைக் காண்கிறோம். மழை வருகின்ற திங்களே மாறிவிட்டால், அதனையொட்டி வாழும் உயிர்களின் வாழ்வும் மாறத்தானே வேண்டும்? இந்த எளிய உண்மையை நான் புத்தகத்தில் கற்கவில்லை. சுல்தான்பூர் என்னும் ஒரு சிறு நீர்நிலையின் கரையில், தவறான மாதத்தில் போய் நின்று கற்றேன்.

சுல்தான்பூர் அரியானா மாநிலத்தில், 2016 வரை குர்காவ் என்று வழங்கிய குருகிராமத்திலிருந்து பரூக்நகருக்குச் செல்லும் சாலையில் சுமார் 15 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. பூங்காவின் மொத்தப் பரப்பு ஏறக்குறைய 350 ஏக்கர். நம் செங்கற்பட்டுப் பக்கத்து ஏரிகளோடு ஒப்பிட்டால் இது பெரிதன்று. ஆயினும் 220-க்கும் மேற்பட்ட பறவையினங்கள் இங்கே தங்கவோ வந்துபோகவோ செய்கின்றன. 2021-ஆம் ஆண்டில், உலக முக்கியத்துவம் வாய்ந்த நீர்நிலைகளுக்குரிய ராம்சர் பட்டியலில் இதுவும் சேர்க்கப்பட்டது.

நான் பிறந்து வளர்ந்தது மதுராந்தகத்தை அடுத்த ஊர். வேடந்தாங்கல் எங்களுக்கு அயல் வீடு போன்றது. தை மாதத்தில் அங்கே மரந்தோறும் கூடு, கூடுதோறும் குஞ்சு என்பதைச் சிறு வயதிலிருந்தே கண்டவன் நான். டில்லிக்கு மாற்றலாகி வந்த முதல் தை மாதத்தில், சுல்தான்பூரிலும் அதே மஞ்சள்மூக்கு நாரை கூடு கட்டுகிறது என்று கேள்விப்பட்டு, மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு குஞ்சு காட்டப் புறப்பட்டேன். போய்ப் பார்த்தால் கூடுகள் பெரும்பாலும் காலி. தாய்ப்பறவையின் உயரத்திற்கு வளர்ந்துவிட்ட இளம்பறவைகள் சில, மங்கிய பழுப்பு நிறத்தில் கரையோரம் நின்றுகொண்டிருந்தன. அங்கிருந்த காவலரிடம் என் அரைகுறை இந்தியில் விசாரித்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "நாலு மாதம் பிந்தி வந்துவிட்டீர்களே, பாபுஜி! மழை ஓய்ந்த கையோடு ஜாங்கில் கூடு கட்டிவிடும்" என்றார். ஜாங்கில் என்பது இந்த நாரைக்கு இவ்வட்டாரத்தில் வழங்கும் பெயர்.

இதன் காரணத்தைச் சற்று விளக்க வேண்டும். மஞ்சள்மூக்கு நாரை மீனை நம்பி வாழ்வது. அது கண்ணால் தேடி மீன் பிடிப்பதைவிட, அலகைப் பாதி திறந்து ஆழமில்லாத நீருக்குள் விட்டுத் துழாவிக்கொண்டே நடக்கும். அலகில் மீன் பட்ட கணமே கவ்விக்கொள்ளும். ஆகையால் அதற்குத் தேவை ஆழ்ந்த நீர் அன்று. முழங்கால் அளவு நீர், அதில் நெருக்கமாக மீன். மழைக்காலத்தில் பரந்த வெள்ளத்தில் மீன் பெருகும். மழை ஓய்ந்து நீர் வடியத் தொடங்கியதும் அந்த மீனெல்லாம் சிறு பள்ளங்களில் திரளும். அந்த வேளையில் கூட்டில் குஞ்சு வாய் திறந்திருக்க வேண்டும். வடக்கே தென்மேற்குப் பருவமழை ஆவணி, புரட்டாசியில் ஓய்கிறது. எனவே இங்குள்ள நாரைகள் அப்போதே கூடு கட்டுகின்றன. தெற்கே வடகிழக்குப் பருவமழையை நம்பியுள்ள வேடந்தாங்கலிலோ அதற்குப் பின்னரே கூடு கட்டுதல் நிகழ்கிறது. பறவை ஒன்றே, மழை வேறு, அதனால் திருநாளும் வேறு.

இதை டில்லி நகரத்தை விட்டு வெளியே செல்லாமலே பார்க்கவும் வழியுண்டு. பழைய கோட்டையை ஒட்டிய மிருகக்காட்சிசாலை 1959-இல் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலிருந்தே அதன் குளத்து மரங்களில் மஞ்சள்மூக்கு நாரைகள் தாமாக வந்து கூடு கட்டத் தொடங்கின. கூண்டிலுள்ள விலங்குகளைப் பார்க்கக் கட்டணம் செலுத்தி வருவோர் தலைக்கு மேலே, யாரும் அடைத்து வைக்காத நாரைகள் குடும்பம் நடத்துகின்றன.

சுல்தான்பூரின் பழைய வரலாறும் கேட்கத்தக்கது. இவ்வட்டாரத்து நிலத்தடி நீர் உவர்ப்பானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கிணற்று உவர்நீரை வெயிலில் காய்ச்சி உப்பெடுக்கும் தொழில் இங்கே செழித்திருந்தது. பரூக்நகருக்கு இரயில்பாதை போடப்பட்டதே அந்த உப்பை ஏற்றிச் செல்வதற்காகத்தான். உப்புத் தொழில் மறைந்தது. பள்ளமும் மழைநீரும் பறவைகளும் எஞ்சின. அக்காலத்தில் டில்லியில் செய்தியாளராக இருந்த பீட்டர் ஜாக்சன் என்னும் ஆங்கிலேயர், இப்பள்ளத்தைப் பறவைகளுக்காகக் காக்க வேண்டுமென்று பிரதமர் இந்திரா காந்திக்கு எழுதினார். அதன் பயனாக 1970-களின் தொடக்கத்தில் இது சரணாலயமாயிற்று. பின்னர் தேசியப் பூங்காவாகவும் உயர்ந்தது. நீர் நடுவே மண் திட்டுகள் அமைத்துக் கருவேல மரங்களை வளர்த்தார்கள். இன்று நாரைகள் கூடு கட்டுவது அந்த முள்மரங்களில்தான். தரையிலிருந்து ஏறும் பகைக்கு நீரும் முள்ளும் தடை.

நீர்நிலையின் ஆண்டு ஆடியில் பிறக்கிறது என்று கொள்வதே பொருத்தம். முதல் மழைக்குச் சற்று முன்பின்னாகச் சுடலைக்குயில் வந்து சேரும். கறுப்பும் வெள்ளையுமாகத் தலையில் கொண்டையுடன் இருக்கும் இதைத்தான் வடநாட்டார் சாதகப் பறவை என்று போற்றி, மழையின் தூதனாகக் கருதுவர். இது ஆப்பிரிக்காவிலிருந்து கடல் கடந்து வருவது. நம் தென்னாட்டில் உள்ள சுடலைக்குயிலோ ஆண்டு முழுதும் அங்கேயே இருப்பது. அதனால்தான் போலும், இதனை நாம் மழையோடு அவ்வளவாகச் சேர்த்துப் பேசுவதில்லை!

மழைத் திங்களில் பூங்காவைப் பூட்டிவிடுவது வழக்கம். இனப்பெருக்கம் முடிந்து பெரும்பாலும் அக்டோபரில் திறப்பர். புறப்படுமுன் விசாரித்துக்கொள்வது நல்லது. என் மாமா ஒருவர் கோடை விடுமுறையில் வந்தபோது, விசாரியாமல் அவரை அழைத்துச் சென்று பூட்டிய கதவைக் காட்டித் திரும்பிய அனுபவம் எனக்கு உண்டு. ஆனால் அக்காலத்திலும் சாலையோர வயல்களில் பார்க்கத்தக்கது ஒன்றுண்டு. அதுவே சாரசக் கொக்கு. பறக்கும் பறவைகளில் இதனினும் உயரமானது உலகில் இல்லை. நிமிர்ந்தால் ஓர் ஆளின் உயரம் இருக்கும். தமிழ்நாட்டில் இதனைக் காண இயலாது. இணையாகவே வாழும், நீர் தேங்கிய வயலில் நாணலையும் வைக்கோலையும் குவித்துக் கூடு அமைக்கும். ஆணும் பெண்ணும் எதிரெதிரே நின்று, தலையை வானுக்கு உயர்த்தி மாறி மாறிக் கூவுவது வெகுதூரம் கேட்கும்.

அல்லியும் ஆம்பலும் படர்ந்த இடத்தில் நீளவால் இலைக்கோழியும் அப்பருவத்தில் குஞ்சு பொரிக்கிறது. நீண்ட விரல்களைப் பரப்பி இலை மேல் நடப்பதால் அப்பெயர். இதன் குடும்ப ஒழுங்கு நமக்கு வேடிக்கையாக இருக்கும். பெண் முட்டையிட்டுவிட்டு அடுத்த ஆணைத் தேடிச் சென்றுவிடும். அடைகாப்பதும் குஞ்சுகளைக் கரையேற்றுவதும் ஆணின் பொறுப்பு.

புரட்டாசியிலேயே வடக்கிலிருந்து விருந்தாளிகள் இறங்கத் தொடங்குவர். முதலில் வருவன உள்ளான்களும் வாலாட்டிகளும். பிறகு கிளுவை, ஊசிவால் வாத்து, தட்டைவாயன் எனக் கூட்டங்கூட்டமாக வாத்தினங்கள். மார்கழி, தை மாதங்களில் நீர்ப்பரப்பு அவற்றால் நிறைந்திருக்கும். நம்மவர் செய்யும் பிழை, விடியுமுன்னே போய் நிற்பது. இங்கே அப்பருவத்தில் மூடுபனி இறங்கினால் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. ஒன்பது மணிக்கு மேல் சென்றால் போதும். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும் தொலைநோக்கி ஒன்று இருந்தால் நலம். இல்லையேல் ஒரு பார்வைக் கோபுரத்தில் அசையாமல் அமர்ந்திருந்தாலே பறவை அருகில் வரும்.

இந்த விருந்தாளிகளில் வரித்தலை வாத்தைத் தனியே குறிப்பிட வேண்டும். வெண்மையான தலையின் பின்புறம் இரண்டு கறுப்புக் கோடுகள், அதுவே அடையாளம். திபெத்து, லடாக்கு, மங்கோலியா முதலிய உயர்நிலங்களில் குஞ்சு பொரித்து, இமயமலையைக் கடந்து வருவது இது. கருவி பொருத்தி ஆராய்ந்தபோது 7,000 மீட்டருக்கும் மேலான உயரத்தில் ஒன்று பறந்தது பதிவாகியுள்ளது. இங்கே பகலெல்லாம் நீரோரத்தில் ஓய்ந்திருந்து, இருட்டியதும் கோதுமை, கடலை வயல்களில் மேயும். உழவருக்கு அதனால் மனக்குறை உண்டு. அது நியாயமும்கூட. இதே இனம்தான் திருநெல்வேலிச் சீமையின் கூந்தன்குளத்திலும் குளிர்காலத்தைக் கழிக்கிறது. சுல்தான்பூரில் இதைப் பார்த்து, நெல்லைக்குக் கடிதம் எழுதிய நண்பர் ஒருவருக்கு, "எங்கள் ஊர் வாத்து அங்கே என்ன செய்கிறது?" என்று பதில் வந்ததாம்.

மாசி முடிவில் வாத்துகளின் எண்ணிக்கை குறையும். பங்குனியில் ஒரு நாள் சென்றால் நேற்றிருந்த கூட்டம் இன்றில்லை. சித்திரையிலும் வைகாசியிலும் அனற்காற்று வீச, நீர் சுருங்கி, சேறு வெடிக்கும். நெடுங்கால் உள்ளானும் ஆட்காட்டியும் எஞ்சிய ஈரத்தைச் சுற்றிவரும். பார்க்க வருபவர்க்கு அது சுவையற்ற காலமே.

என் பணி மொழிபெயர்ப்பு. ஆதலால் ஒரு சொல்லைப் பற்றிக் கூற இசைவு வேண்டுகிறேன். சுல்தான்பூர்ப் பள்ளத்தை இவ்வூரார் 'ஜீல்' என்பர். அதனை நாம் தயங்காமல் 'ஏரி' என்று எழுதிவிடுகிறோம். இக்கட்டுரையில் அச்சொல்லைத் தவிர்த்து 'நீர்நிலை' என்றே நான் சொல்லிவருவதை நேயர்கள் கவனித்திருக்கலாம். ஏரி என்றால் கரை உண்டு, மதகு உண்டு, கலங்கல் உண்டு, ஆயக்கட்டு உண்டு. அது மனிதன் தேக்கிய நீர். எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்று ஊர் முடிவு செய்யும். ஜீல் என்பதோ தாழ்ந்த நிலத்தில் மழை தானே வந்து நிற்பது. நிறைவதும் வற்றுவதும் வானத்தின் பொறுப்பு.

ஆனால் சுல்தான்பூர் இப்போது பெயரளவில்தான் ஜீல். சுற்றிலும் சாலைகளும் கட்டடங்களும் பெருகி, வயல் வழியே வழிந்து வந்த மழைநீரின் பாதை மாறிவிட்டது. நிலத்தடி நீரும் ஆழத்திற்குப் போய்விட்டது. யமுனைக் கால்வாய் நீரையும் ஆழ்துளைக் கிணற்று நீரையும் கொண்டே பூங்காவினர் பள்ளத்தை நிரப்புகின்றனர். அதாவது, மதகில்லாத இடத்திற்கு மதகுக்காரன் வேலை வந்து சேர்ந்துவிட்டது. இவ்வேலை எளிதன்று. ஆண்டு முழுதும் நீரைத் ததும்ப வைத்திருந்தால் பார்ப்பதற்கு அழகாக இருக்கும். ஆனால் சேற்றில் இரை தேடும் உள்ளானுக்கு இடமிராது. வாத்துக்கும் நாரைக்கும் வேண்டிய ஆழங்குறைந்த விளிம்பு மறையும். கோடையில் காய்ந்து வெடித்த மண்ணில் புல்பூண்டு முளைத்து, மறு மழையில் அது மட்கி மீனுக்கும் புழுவுக்கும் உணவாகும் சுழற்சியும் நின்றுபோகும். நீர் தாமதமாக வந்தாலோ, திட்டைச் சுற்றிய அகழி போன்ற காவல் இன்றி, நாரை கூடு கட்டத் தயங்கும். எவ்வளவு நீர் என்பதைப் போலவே எப்போது நீர் என்பதும் இங்கே கேள்வி. வேடந்தாங்கலில் இக்கேள்வியைப் பருவமழையும் ஊர் வழக்கமும் சேர்ந்து தீர்த்துவைத்தன. இங்கே அதிகாரி ஒருவர் மாதத்திற்கு மாதம் தீர்க்க வேண்டியிருக்கிறது.

வேலிக்கு உள்ளே இத்தனையும் செவ்வனே நடந்தாலும் போதாது. கூட்டில் உள்ள குஞ்சுகளுக்கு வேண்டிய மீன் முழுதும் 350 ஏக்கருக்குள் கிடைப்பதில்லை. பெரிய நாரைகள் விடிந்ததும் வேலியைத் தாண்டிச் சுற்றுவட்டத்து நீர்நிலைகளுக்குப் பறந்து செல்கின்றன. அவற்றுள் ஒன்று, குருகிராமத்திலிருந்து இங்கு வரும் வழியிலேயே உள்ள பசாய். அதற்குச் சரணாலயம் என்ற பட்டமோ, பூங்கா என்ற வேலியோ இல்லை. வீடுகளும் விரைவுச் சாலையும் அதனை நெருங்கிவிட்டன. நாணலுக்கு இடையே தேங்கிய நீரையும், பக்கத்தில் கொட்டிக் கிடக்கும் கட்டட மண்ணையும் அங்கே ஒரே பார்வையில் காணலாம்.

சுல்தான்பூர் செல்லும் நேயர்கள் பசாயில் ஓர் அரை மணி நேரம் தங்கிச் செல்லுங்கள். ஐப்பசி மாதத்துக் காலைப்பொழுதானால், அலகைப் பாதி திறந்து நீரில் விட்டுக்கொண்டு மஞ்சள்மூக்கு நாரைகள் நடப்பதைப் பார்க்கலாம். சற்று நேரம் பொறுத்திருந்தால் அவற்றுள் ஒன்று எழுந்து, ஒருமுறை வட்டமிட்டு, மேற்கு நோக்கிப் பறக்கும். அத்திசையில் ஒன்பது பத்து கிலோமீட்டர் தொலைவில்தான் அந்தக் கருவேல மரங்கள் இருக்கின்றன.