ஒரே நம்பரில் போச்சு

கிளியனூரில் புதுச்சேரி சாலையோர டீக்கடை, சாயங்காலம் நாலு மணி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கொத்தனார் தம்பி செல்போனைக் காட்டினார். "472 எழுதினேன், 473 விழுந்திருக்கு. ஒரே நம்பர்ல போச்சுண்ணா! இந்த மாசத்துல இது மூணாவது தடவை. கிட்ட வந்துட்டேன், இனிமே விடக்கூடாது."

தமிழ்நாட்டில் லாட்டரிக்கு 2003-லேயே தடை வந்துவிட்டது. ஆனாலும் கேரள லாட்டரி முடிவின் கடைசி மூன்று இலக்கங்களை வைத்து இந்த மூணு நம்பர் ஆட்டம் திருட்டுத்தனமாக ஓடுகிறது.

"தினமும் எத்தனை சீட்டு எழுதுற?"

"நாலு."

டீ கிளாஸை ஓரமாக வைத்துவிட்டு, பஜ்ஜி மடித்த தாளில் எழுதிக் காட்டினேன். 000 முதல் 999 வரை ஆயிரம் எண்கள். பரிசு ஒன்றுக்குத்தான். ஆனால் இரண்டு இலக்கம் பொருந்தி ஒன்று மட்டும் தவறும் எண்கள் எத்தனை? ஓர் இடத்துக்கு 9 வீதம் மூன்று இடத்துக்கு 27. தினம் நாலு சீட்டு என்றால் மாதத்துக்கு 120. அதில் சராசரியாக மூன்று சீட்டு 'ஒரே நம்பரில்' போகத்தான் செய்யும். பரிசோ, எட்டு மாதத்துக்கு ஒருமுறை வந்தால் உண்டு. தம்பி நெருங்கி வரவில்லை. ஆயிரம் எண் ஆட்டத்தில் யாருக்கும் நடப்பதுதான் அவருக்கும் நடந்திருக்கிறது.

பிறகு ஏன் கை பரபரக்கிறது? கேம்பிரிட்ஜில் லூக் கிளார்க் என்ற ஆய்வாளரின் குழுவினர் சூதாட்டப் பொறி போன்ற ஓர் ஆட்டத்தை ஆடவிட்டு, ஆடுபவர்களின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். 2009-இல் முடிவு வெளிவந்தது. ஜெயித்தபோது விழித்துக்கொள்ளும் சில பகுதிகள், மயிரிழையில் தவறியபோதும் விழித்துக்கொண்டன. தவறியது கசந்தது; ஆனாலும், தாங்களே படத்தைத் தேர்ந்தெடுத்து ஆடியவர்களுக்கு, இன்னொரு முறை ஆடும் ஆசை கூடியது. மூணு நம்பரிலும் எண்ணை எழுதுவது நம் கைதானே!

"ஆயிரம் நாள் விடாம எழுதினா ஒருநாள் விழுந்துதானே ஆகணும்?"

இல்லை. நேற்று என்ன விழுந்தது என்பது இன்றைய குலுக்கலுக்குத் தெரியாது. தினம் ஒரு சீட்டு வீதம் ஆயிரம் நாள் எழுதும் நூறு பேரில் சுமார் 37 பேருக்கு ஒருமுறைகூட விழாது.

விட்டதைப் பிடிக்கப் போய் மேலும் விடுவதைச் சூதாட்ட நோயின் அறிகுறி என்கிறது மனநல மருத்துவம். 2019 டிசம்பரில், இதே மாவட்டத்தின் விழுப்புரத்தில், லாட்டரிக் கடனால் ஒரு நகைத் தொழிலாளியின் குடும்பமே உயிரை விட்டது. அவமானம் பார்க்காமல் 14416-க்கு அழைத்தால் டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி மையத்தில் இலவசமாகப் பேசலாம்.

தம்பி அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "நாளைக்கு மூணு மணிக்கு, குலுக்கல் நேரத்துல, மனசு இழுக்கும்ண்ணா."

"இழுக்கும். அந்த நேரத்துக்கு இங்க வா. டீ நான் வாங்கித் தரேன்."