மாடி வீட்டில் பூக்கும் 'சீதையின் பின்னல்'

மும்பையை அடுத்த டோம்பிவிலியில் மூன்றாவது மாடியில் குடியிருக்கும் தமிழ்க் குமாஸ்தா ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் ஆடி மாத மழையில் குடும்பத்தோடு மலைப்பக்கம் அருவி பார்க்கப் போனார். திரும்பும் வழியில் ஒரு பையன் கோணிப்பை நிறையச் செடிகளை வைத்து விற்றுக்கொண்டிருந்தான். தடித்த நீண்ட இலைகள். அடியில் பென்சில் பருமனில் வெள்ளை வேர்கள். வேரோடு மரப்பட்டையும் பிய்ந்து வந்திருந்தது. அழகாக இருக்கிறதே என்று ஒன்றை வாங்கினார்.

வீட்டுக்கு வந்ததும் செம்மண்ணும் எருவும் கலந்து, தொட்டியில் நட்டு, தினமும் இருவேளை தண்ணீர் ஊற்றினார். ஒன்றரை மாதத்தில் செடி அடியோடு அழுகிவிட்டது. அக்கறை குறைந்து செத்த செடி அல்ல. அக்கறை மிகுந்து செத்த செடி.

அதை இனம் கண்டு சொன்னவர் பக்கத்து வீட்டு மராத்திப் பாட்டி. ரத்னகிரிப் பக்கத்தில் பிறந்தவர். அவர் ஊரில் அதற்கு 'சீதேச்சி வேணி' என்று பெயராம். சீதையின் பின்னல் என்று பொருள். மாமரத்திலும் நாவல் மரத்திலும் கிளையைப் பற்றிக்கொண்டு வளரும், மண்ணில் வளர்ந்து தாம் பார்த்ததில்லை என்று அந்த ஆஜி சொன்னபோதுதான் குமாஸ்தாவுக்குத் தம் தவறு புரிந்தது.

சித்திரை முதல் நாளில் சூடும் பூ

ஆர்க்கிட் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடியின் தாவரவியல் பெயர் ரிங்கோஸ்டைலிஸ் ரெட்யூசா. பூங்கொத்து நரியின் வாலைப் போலத் தொங்குவதால் 'நரிவால் ஆர்க்கிட்' என்றும் சொல்வார்கள். ஒரே கொத்தில் 100 பூக்களுக்கு மேல் நெருக்கமாகப் பூப்பதுண்டு. வெள்ளை இதழில் இளஞ்சிவப்புப் புள்ளிகள், மெல்லிய வாசனை. கொத்தின் நீளம் ஓர் அடிக்கு மேல் போகும்.

மகாராஷ்டிரத்தின் சஹ்யாத்ரி மலைகளிலும், கேரள, தமிழக மலைகளிலும், வடகிழக்கு மாநிலங்களிலும் இது இயற்கையாக வளர்கிறது. அசாமின் மாநில மலரும் அருணாசலப் பிரதேசத்தின் மாநில மலரும் இதுவே. அசாமியர் 'கொபௌ பூல்' என்பார்கள். நாம் சித்திரைப் புத்தாண்டு கொண்டாடும் அதே ஏப்ரல் நடுவில் அங்கே பிஹு பண்டிகை. நடனமாடும் பெண்கள் கொண்டையில் சூடுவது இந்தப் பூவைத்தான். மும்பைப் பக்கம் வைகாசி, ஆனியில் பூக்கும்.

புல்லுருவி அல்ல

மரத்தில் வளர்வதால் இதைப் புல்லுருவி என்று நினைப்பவர்கள் உண்டு. அது தவறு. புல்லுருவி மரத்துக்குள் வேரைச் செலுத்திச் சாற்றை உறிஞ்சும். இது பட்டையின் மேலே பற்றி நிற்பதோடு சரி. மரம் தருவது இருக்க இடம் மட்டுமே. உணவை இச்செடி தன் இலையில் தானே தயாரித்துக்கொள்கிறது.

வேரின் மேல் பஞ்சு போன்ற வெள்ளை உறை இருக்கும். மழையும் பனியும் பட்டால் அது நொடியில் நீரைக் குடித்துப் பச்சையாகும். காய்ந்ததும் மறுபடி வெளுக்கும். நனைவதும் காய்வதும் மாறி மாறி நடக்க வேண்டும். ஈர மண்ணில் புதைத்தால் இந்த வேருக்குக் காற்றில்லை. அதனால்தான் அழுகுகிறது.

தொட்டிக்குப் பதில் கூடை

மரச்சட்டங்களால் செய்த, இடைவெளி விட்ட தொங்கு கூடை இதற்கு ஏற்றது. உள்ளே பெரிய மரக்கரித் துண்டுகளும் ஓட்டுச் சில்லுகளும் போதும். மண், எரு, சாணம் எதுவும் கூடாது. கூடை கிடைக்காதவர்கள், சொரசொரப்பான மாங்கட்டைத் துண்டில் கட்டித் தொங்கவிடலாம். கட்டுவதற்குப் பழைய வேட்டிக் கிழிசல் நல்லது. துணி இற்றுப்போவதற்குள் வேர் கட்டையைப் பிடித்துக்கொள்ளும். வேரின் நுனி பச்சையாகத் துளிர்க்கும் சமயம் பார்த்துக் கட்ட வேண்டும். பூக்கும்போது செடியைக் கலைக்கக் கூடாது. ஒரு முறை பிடித்துவிட்டால் அடிக்கடி இடம் மாற்றுவதும் ஆகாது.

வாளிக் குளியல்

மாடி வீடுகளில் செடிக்குத் தண்ணீர் ஊற்றினால் கீழ்வீட்டுத் துணியில் சொட்டும், சண்டை வரும். குழாயிலும் சில மணி நேரமே தண்ணீர். இதற்கு எளிய வழி உண்டு. காலையில் லோக்கலைப் பிடிக்கக் கிளம்பும் முன் கூடையைக் கழற்றி, வேர்ப்பகுதி மட்டும் மூழ்கும்படி வாளியில் ஐந்து நிமிடம் வைக்க வேண்டும். வேர் பச்சையானதும் எடுத்து, சொட்டு வடிந்தபின் மாட்டலாம். கோடையில் இதைத் தினமும் செய்யலாம். மார்கழி, தையில் இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறை போதும். இலை சுருங்கினால் தாகம் என்று அறியலாம்.

மழைக்காலத்தில் தனியாகத் தண்ணீர் தேவையில்லை. ஆனால் இலைகளின் நடுக்குருத்தில் நீர் தேங்கி நின்றால் குருத்து அழுகும். குருத்து போனால் பெரும்பாலும் செடியும் போனதுதான். கூடையைச் சற்றுச் சாய்த்து, காற்றோட்டமான இடத்தில் மாட்டினால் நீர் வடிந்துவிடும். இந்த நாட்களில் நத்தைகள் இளவேரின் நுனியைத் தின்னும். இரவில் விளக்கைப் பிடித்துப் பார்த்துப் பொறுக்கிவிட வேண்டும்.

காலை வெயில் படும் கிழக்குப் பார்த்த பால்கனி உத்தமம். உச்சி வெயில் நேராகப் பட்டால் இலை கருகும். இலை கரும்பச்சையாக இருந்தால் வெளிச்சம் போதவில்லை. செடி கொழுக்கும், பூக்காது. இளம்பச்சையே சரியான நிறம். பங்குனி முதல் புரட்டாசி வரை, நீரில் கரையும் கலப்பு உரத்தை லிட்டருக்கு அரை கிராம் வீதம் கரைத்து வாரம் ஒரு முறை தெளிக்கலாம். அளவு கூடினால் வேர் நுனி கருகிவிடும்.

கோணிப்பைச் செடி வேண்டாம்

சாலையோரத்தில் கோணிப்பையில் விற்கும் செடி மலிவாகக் கிடைக்கலாம். அது காட்டு மரத்திலிருந்து பிய்த்தது. வேர் அறுந்த செடி பிழைப்பது அரிது. காப்புக் காடுகளில் அனுமதியின்றிச் செடி எடுப்பது குற்றமும் ஆகும்.

காட்டில் அந்த இடம் மறுபடி நிரம்புவதும் எளிதல்ல. இதன் விதை தூசி போன்றது. ஒரு காயில் எண்ணற்ற விதைகள் இருந்தாலும், விதைக்குள் முளைக்குத் தேவையான சேமிப்பு உணவு இல்லை. குறிப்பிட்ட பூஞ்சை ஒன்று துணை செய்தால்தான் முளைக்கும். சர்க்கரை சேர்த்த கூழில் பூஞ்சை இல்லாமலே ஆர்க்கிட் விதையை முளைக்கவைக்கலாம் என்பதை 1922ல் அமெரிக்க விஞ்ஞானி லூயிஸ் நுட்சன் காட்டினார். இன்று ஆய்வுக்கூடக் கண்ணாடிக் குடுவைகளில் கன்றுகள் வளர்வது அதன் பயன். குடுவையில் பிறந்த கன்றானாலும் பூக்கப் பல ஆண்டுகள் ஆகும். நர்சரியில் வாங்குவோர், குடுவைக் கன்றா என்று கேட்டு வாங்குவது நல்லது. மரப்பட்டை ஒட்டிய வேரும் கிழிந்த இலையும் இருந்தால் அது காட்டுச் செடி என்று சந்தேகிக்கலாம்.

டோம்பிவிலிக் குமாஸ்தா இரண்டாவது செடியை நர்சரியில்தான் வாங்கினார். இரண்டு கோடை கடந்தும் பூக்கவில்லை. காயப்போடும் துணிக்கு இடைஞ்சலாக இருக்கிறது, யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று வீட்டில் பேச்சு வந்தது. அதற்குள் ஆஜி இலையின் நிறத்தைப் பார்த்து, கூடையை வெளிச்சத்துக்கு நகர்த்தச் சொன்னார். நகர்த்தினார்கள். மூன்றாம் ஆண்டு வைகாசியில் ஒரு கொத்து இறங்கியது.

முதலில் கூப்பிட்டது ஆஜியைத்தான். பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தபடி நின்றார். ஊரை விட்டு வந்தபிறகு இந்தப் பூவைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்றார். பறித்துத் தரட்டுமா என்று குமாஸ்தாவின் மனைவி கேட்டதற்கு, வேண்டாம், செடியிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். கொத்து வாடும்வரை தினமும் காலையில் வந்து பார்த்துப் போனார்.