கிரெடிட் கார்டு: வட்டியில்லா நாட்கள் யாருக்கு?

கிரெடிட் கார்டில் பொருள் வாங்கினால் 50 நாள் வரை வட்டி கிடையாது என்று வங்கிகள் சொல்கின்றன. அது உண்மைதான். ஆனால் போன பில்லை முழுசாகக் கட்டி, இந்த பில்லையும் முழுசாகக் கட்டுகிறவருக்கு மட்டுமே அந்தச் சலுகை. இந்த நிபந்தனையைக் காப்பாற்றுகிறவருக்கு கார்டு நல்ல கைமாற்று. தவறவிடுகிறவருக்கு அதே கார்டு கடும் வட்டிக் கடன்.

அவகாசம் எப்படிக் கணக்காகிறது? ஒரு கார்டுக்கு மாதாமாதம் 5ஆம் தேதி பில் போடுகிறார்கள், பணம் கட்டக் கடைசி நாள் 25 என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 6 அன்று வாங்கிய பொருள் ஜூலை 5 பில்லில்தான் வரும். ஜூலை 25க்குள் கட்டினால் போதும் என்பதால் 49 நாள் கிடைக்கிறது. அதையே ஜூலை 4 அன்று வாங்கினால் மறுநாளே பில்லில் ஏறிவிடும். 21 நாள்தான் மிச்சம். பெரிய செலவை பில் போட்ட மறுநாள் வைத்துக்கொள்வது இதனால்தான் லாபம். பில் வந்தபின் பணம் கட்டக் குறைந்தது இரண்டு வாரமாவது தர வேண்டும், பில் தேதியை ஒருமுறையாவது மாற்றிக்கொள்ள வாடிக்கையாளரை அனுமதிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. சம்பள நாளுக்குத் தோதாகத் தேதியைக் கேட்டு வாங்கலாம்.

சிக்கல் 'மினிமம் டியூ' என்ற வரியில் இருக்கிறது. ஜூன் 6 அன்று 40,000 ரூபாய்க்கு ஒரு பிரிட்ஜ் வாங்கியவர், ஜூலை 25 அன்று குறைந்தபட்சத் தொகையான 2,000 ரூபாயை மட்டும் கட்டுகிறார். தாமதக் கட்டணம் விழாது. ஆனால் வட்டியில்லா அவகாசம் ரத்தாகி, பொருள் வாங்கிய ஜூன் 6ஆம் தேதியிலிருந்தே வட்டி போடப்படும்.

பல கார்டுகளில் வட்டி மாதம் 3.5 சதவீதம், அதாவது நூற்றுக்கு மூன்றரை ரூபாய் வட்டி. ஆண்டுக்கு 42 சதவீதம். 40,000 ரூபாய்க்கு 49 நாள் வட்டி சுமார் 2,255 ரூபாய். மீதி 38,000க்கு ஆகஸ்ட் 5 வரை 11 நாளுக்கு 481 ரூபாய். வட்டிமேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 3,200 ரூபாயைத் தாண்டுகிறது. 2,000 கட்டியும் கடன் குறையவில்லை, கூடியிருக்கிறது.

அதோடு முடிவதில்லை. பாக்கி இருக்கும்வரை புதிதாக வாங்கும் மளிகைக்கும் பெட்ரோலுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். பாக்கி முழுவதையும் தீர்த்தபின்னும், பில் போட்ட நாள் முதல் பணம் கட்டிய நாள் வரையிலான வட்டி அடுத்த பில்லில் சிறு தொகையாக வரலாம். அதையும் கட்டிவிட வேண்டும்.

கார்டை ஏ.டி.எம்.மில் செருகிப் பணம் எடுத்தால் அவகாசமே கிடையாது. எடுத்த நாளிலிருந்து வட்டி, அதற்கு மேல் தனிக் கட்டணம்.

வட்டிக்கு உச்சவரம்பு உண்டா? ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008இல் சொன்னது. அந்த உத்தரவை 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஆகவே நம் காவல் நம் கையில்தான்.

வழி எளிது. வங்கிக் கணக்கிலிருந்து ஆட்டோ டெபிட் வைக்கும்போது 'மினிமம்' என்பதைத் தேர்ந்தெடுக்காமல் 'டோட்டல் அமவுண்ட் டியூ' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அந்த நாளில் கணக்கில் பணம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். கெடு தாண்டி மூன்று நாளுக்கு மேல் ஆனால்தான் தாமதக் கட்டணம் போடலாம் என்று விதி இருக்கிறது. ஆனால் அதை நம்பி, வட்டி வராது என்று இருந்துவிடாதீர்கள்.

முழுசாகக் கட்ட முடியாத மாதம் வந்தால், முடிந்த அளவு அதிகமாகக் கட்டுங்கள். வட்டி நாள் கணக்கில் ஏறுவதால், கெடு நாள் வரை காத்திராமல் கையில் பணம் வந்ததுமே கட்டுவது லாபம். பாக்கி தீரும்வரை அந்தக் கார்டில் எதுவும் வாங்காதீர்கள். பாக்கி பெரிதாக இருந்தால், நகைக்கடனோ தனிநபர் கடனோ குறைந்த வட்டிக்குக் கிடைக்குமா என்று விசாரித்து, அதை வாங்கிக் கார்டு கடனை அடைத்துவிடுவது மேல்.