மேடைத் திரையும் சாட்சித் திரையும்

1964இல் கொல்கத்தாவின் பஹுரூபி குழு 'ராஜா ஈடிபஸ்' நாடகத்தை மேடையேற்றியது. சம்பு மித்ரா ஈடிபஸ். திருப்தி மித்ரா அரசி. நாடகம் உச்சம் கொள்வது ஒரு கிழட்டு ஆட்டிடையனை விசாரிக்கும் இடத்தில்தான். கணுக்கால் துளைக்கப்பட்டு, மலையில் விட்டுவிடும்படி தன்னிடம் கொடுக்கப்பட்ட பச்சைக்குழந்தை யாருடையது என்று அவனுக்குத் தெரியும். வாய் திறக்க மறுக்கிறான். அரசன் அவன் கைகளைப் பின்னால் முறுக்கச் சொல்கிறான். சித்திரவதை செய்வேன் என்று மிரட்டுகிறான். பிறகுதான் உண்மை வெளிவருகிறது. தழும்பைக் காலில் சுமந்தே வளர்ந்தவனுக்கு, காயம் பட்ட கதை அதுவரை தெரியாது.

பெற்றவர்களே பிள்ளைக்குச் செய்த கொடுமையைப் பேச அன்று கிரேக்கத்து அரண்மனை வேண்டியிருந்தது. ஆனாலும் அங்கே ஒரு சாட்சி இருந்தான். உண்மை ஒன்றே ஒன்று, தேடினால் கிடைக்கும்.

மூன்றே ஆண்டுகளில் அந்த நம்பிக்கையும் மேடையில் தளர்ந்தது. பாதல் சர்க்கார் நைஜீரியாவில் வேலை பார்த்தபோது எழுதிய 'பாக்கி இதிஹாஸ்' நாடகத்தை 1967இல் அதே பஹுரூபி நடித்தது. சீதாநாத் என்பவர் தூக்கில் தொங்கிய செய்தியை ஒரு தம்பதி படிக்கிறார்கள். ஏன் செத்தார்? மனைவி ஒரு கதை சொல்கிறாள், கணவன் வேறொன்று சொல்கிறான். கணவனின் கதையில் ஒரு சிறுமியைப் பற்றிய குற்றவுணர்வு சீதாநாத்தை அரிக்கிறது. கடைசியில் செத்தவரே வந்து நிற்கிறார். அப்போதும் இதுதான் நடந்தது என்று எந்தக் கதைக்கும் முத்திரை விழுவதில்லை. தமிழ் நாடகக்காரர்களுக்கு சர்க்கார் அந்நியரல்ல. 1980இல் சென்னை அருகே சோழமண்டலம் கலைஞர் கிராமத்தில் அவர் நடத்திய பயிற்சி முகாம், நம் வீதி நாடகத்துக்கு வித்திட்டவற்றுள் ஒன்று.

இன்று அரண்மனை தேவையில்லை. 2001இல் மும்பை பிருத்வி அரங்கில் அரங்கேறிய மகேஷ் தத்தானியின் 'தர்ட்டி டேஸ் இன் செப்டம்பர்' நடப்பது சாதாரண வீட்டில்தான். மாமாவால் சீரழிக்கப்பட்ட மாலா தாயிடம் கேட்கும் ஒரு கேள்வி என்னை விட்டுப் போவதில்லை. வலியோடு அம்மாவிடம் ஓடி வந்த குழந்தைக்குக் கிடைத்தது ஆலு பராட்டா. பேச வந்த வாயைச் சாப்பாட்டால் அடைத்த அந்தத் தாயும், ஆறு வயதில் அதே அண்ணனிடம் சிக்கியவள்.

2007இல் மத்திய அரசு வெளியிட்ட ஆய்வில் மேற்கு வங்காளம் உட்பட 13 மாநிலங்களின் 12,447 குழந்தைகள் பேசினார்கள். பாதிக்கு மேற்பட்டோர், 53.22 சதவீதம், ஏதோ ஒரு வகைப் பாலியல் தொல்லையைச் சொன்னார்கள். 2012இல், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் வந்தது. இடையனின் கையை முறுக்கிய காட்சிக்கு நேரெதிராக, குழந்தையை மிரட்டும் தொனியில் கேள்வி கேட்கக் கூடாது, திரும்பத் திரும்ப நீதிமன்றத்துக்கு இழுக்கக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தையின் கண்ணில் படாதபடி திரை கட்டலாம். மேடைத் திரை விலகுவது காட்டுவதற்காக. இந்தத் திரை விழுவது காப்பதற்காக. இதைவிடப் பெரிய லாபம் வேறென்ன?

இழப்பும் உண்டு, அது மேடைக்கு. நினைவிலிருந்து தொடங்குவோம். 1995இல் அமெரிக்க உளவியலாளர் எலிசபெத் லாஃப்டஸ் 24 பேரிடம், சின்ன வயதில் கடையில் தொலைந்துபோனதாக ஒரு கட்டுக்கதையைச் சொன்னார். கால்வாசிப் பேர் அதை நடந்ததாகவே நினைவுகூர்ந்தார்கள். நினைவு அப்படியும் ஏமாற்றும். மங்கலாக இருப்பதாலேயே ஒரு நினைவு பொய்யாகியும் விடாது. நீதிமன்றம் எப்படியும் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும், அது அதன் வேலை. மேடைக்கு அந்த அவசரம் இல்லை. ஆனால் இந்தப் பொருளை எடுக்கும் நாடகங்களில் குற்றவாளி யாரென்று அரங்கம் முழுக்கத் தெரிந்த பிறகே விளக்கு அணைய வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கத் தொடங்கிவிட்டோம். 'பாக்கி இதிஹாஸ்' கேட்ட பொறுமை இந்த எதிர்பார்ப்பில் இல்லை.

ஒரு பிள்ளை நாளும் கிழமையும் குழம்பி, பாதியைச் சொல்லிப் பாதியை விழுங்கினால், தேதி கேட்காதீர்கள். உட்கார்ந்து கேளுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098; எந்நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை.